தண்ணீர் நிற்காத கண்ணாடி

கண்ணாடி மேல் தண்ணீர் உருண்டு ஓடுவதைப் பார்த்து முப்பது வயதுப் பெண் ஒருத்தி குதிப்பாளா என்று கேட்டால், குதிப்பாள். நான் குதித்தேன். தசரா விடுமுறை முடிந்த வாரம், மைசூரில், எங்கள் ஆய்வகத்தின் அளவெடுக்கும் அறையில், காலை பதினொரு மணிக்கு, கையில் ஊசியோடு குதித்தேன். ஊசி முனையிலிருந்து ஒரு துளியை ஸ்லைடு மேல் இறக்கியிருந்தேன். அது உட்காரவில்லை. முத்தாகத் திரண்டு, ஓரத்துக்கு உருண்டு போய், கீழே விழுந்துவிட்டது. சரியாக வைக்கவில்லை போல என்று இன்னொரு துளி விட்டேன். அதுவும் ஓட்டம். மூன்றாவது துளி என் செருப்பில் விழுந்தது. சேப்பங்கிழங்கு இலை மேல் தண்ணீர் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இந்த ஓட்டம் தெரியும். ஆனால் இது இலை இல்லை. நான் செய்த கண்ணாடி.

நான் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியைச் சொந்தக்காரர்களிடம் விளக்குவதை எப்போதோ விட்டுவிட்டேன். உங்களுக்கு ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். கண்ணாடி மேல் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களை உண்டாக்க வேண்டும். ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரம் மேடுகளை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சின்னவை. அந்த மேடுகளுக்கு நடுவே காற்று தங்கும். துளி கண்ணாடியைத் தொடாமல் காற்று மேலேயே நிற்கும், லேசாகச் சாய்த்தால் ஓடிவிடும், ஓடும்போது தூசியையும் கூட்டிக்கொண்டு போகும். சோலார் பேனல் மேல் இப்படி ஒரு பூச்சு இருந்தால் யாரும் துணியை வைத்துத் துடைக்க வேண்டாம், மழையே துடைத்துவிட்டுப் போகும். இதுதான் ஆசை. நடந்தது என்னவென்றால், நாலரை வருஷமாக நான் செய்த அத்தனை கண்ணாடியிலும் தண்ணீர் சம்பந்தி வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர் மாதிரி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. எழுந்திருக்கிற எண்ணமே கிடையாது.

என்னுடைய பதிவுக்காலம் அந்த ஜனவரியோடு முடிகிறது. நீட்டிப்பு ஏற்கெனவே இரண்டு முறை வாங்கியாகிவிட்டது, இனிமேல் கிடையாது. அதற்குள் ஓடுகிற ஒரு துளி வேண்டும். இல்லையென்றால் என் ஆய்வேடு, கண்ணாடியில் தண்ணீர் எத்தனை விதமாக உட்காரும் என்பதைப் பற்றியதாக இருக்கும். அப்படி ஒன்றைக் கொடுத்தால் பட்டம் கிடைக்காது.

அதனால்தான் குதித்தேன். குதித்த சத்தம் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் என் வழிகாட்டி. நாங்கள் எல்லோரும் மேடம் என்போம். பூர்வீகம் மேலுகோட்டை, வீட்டில் பேசுகிற பழைய தமிழை ஆய்வகத்துக்கும் கொண்டுவருவார். இன்னொருவன் என் வயதுக்காரன், பக்கத்து மேசையில் வேலை செய்கிறவன். அப்பா அம்மா தமிழர்கள், ஆனால் அவன் மைசூரிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ் பேசத் தெரியும், எழுத்து தெரியாது, கோபம் வந்தால் கன்னடம் மட்டும்தான் வரும்.

பக்கவாட்டில் வைத்த கேமராவில் துளியின் கோணத்தை அளந்தோம். நூற்றைம்பது பாகையைத் தாண்டினால் போதும். நூற்று அறுபதைத் தாண்டியது. அவன் விசில் அடித்தான். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பேஷ்," என்றார். "இந்தத் தரம் என்ன மாத்தினாய்?"

"அம்மோனியாவக் கொஞ்சம் கூட்டினேனுங்க மேடம்."

"சரி. இப்போ நோட்டை அவன்கிட்ட கொடு. அவன் கையாலயும் வரட்டும். அப்புறம் எல்லாரும் சேர்ந்து குதிக்கலாம், ஆயித்தா?"

இது எங்கள் ஆய்வகத்தின் சட்டம். யார் என்ன கண்டுபிடித்தாலும், இன்னொருவர் அவர் நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல், அதைத் திரும்பச் செய்து காட்ட வேண்டும். நோட்டின் கடைசிப் பத்தியில் திரும்பச் செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் மேடத்தின் கையெழுத்து விழாது. மேடம் கையெழுத்து இல்லாமல் ஒரு வரி கூட ஆய்வேட்டுக்குள் போகாது.

எனக்கென்ன பயம்? அன்று மத்தியானமே உட்கார்ந்து, கொஞ்சம் கூடுதலான அம்மோனியா எப்படி மேடுகளை உயர்த்துகிறது என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு விளக்கம் எழுதினேன். அம்புக்குறி, படம், எல்லாம் உண்டு. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது என் புத்திசாலித்தனம் எனக்கே தாங்கவில்லை. வெளியே போய் மைசூர்பாகு வாங்கி வந்து வாட்ச்மேன் வரைக்கும் கொடுத்தேன். இன்றைக்கும் அந்த இரண்டு பக்கத்தை எடுத்துப் பார்த்தால் முகம் சிவக்கிறது. அதில் ஒரு வரி கூட உண்மை இல்லை.

அவன் செய்தான். செய்முறை பெரிய விஷயமில்லை. கண்ணாடியைக் கழுவி உலர்த்த வேண்டும். மூடி போட்ட ஒரு கண்ணாடிச் சட்டிக்குள் இரண்டு சின்னக் கிண்ணங்களில் அம்மோனியாவையும் இன்னொரு திரவத்தையும் வைத்து, அவற்றின் ஆவியில் கண்ணாடியை ஒரு நாள் விட வேண்டும். பூச்சு படியும். பிறகு உலையில் வைத்துச் சுட வேண்டும், கடைசியில் தண்ணீரை வெறுக்கிற ஒரு மருந்தின் ஆவியைக் காட்ட வேண்டும். நான்கு நாள் வேலை. ஐந்தாம் நாள் துளியை விட்டான். துளி உட்கார்ந்தது.

"எனக்கு வரல கணே," என்றான். நம்முடைய 'டீ'க்கு அவன் கன்னடம் அது.

"உங்கையில ஏதோ கோளாறு. தள்ளு, நான் செய்யறேன்."

நான் செய்தேன். உட்கார்ந்தது. அம்மோனியாவுக்குப் புதுப் புட்டி திறந்தோம். உட்கார்ந்தது. உலையின் சூட்டைச் சரிபார்த்தோம். மழை விட்ட பிறகு காற்றில் ஈரம் குறைந்துவிட்டது, அதுதான் காரணம் என்று நான் ஒரு வாரம் வாதாடினேன். மேடம் ஈரப்பதம் காட்டுகிற மீட்டரை வாங்கிச் சுவரில் மாட்டினார். அதற்கும் துளி எழுந்திருக்கவில்லை. முதலில் செய்த ஸ்லைடுகளில் மட்டும், எப்போது விட்டாலும், சொல்லி வைத்த மாதிரி ஓடியது. அவற்றை மேடம் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

ஒருவருக்கு ஒரு தடவை மட்டும் வந்த முடிவை, அறிவியலில் யாரும் அதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டார்கள். வேறு ஒரு வார்த்தை இருக்கிறது. அதை யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அவன்தான் ஒரு நாள் டீக்கடையில், கப்பைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. நிஜவாகலூ வந்துச்சா?"

"உங்கண்ணு முன்னால ஓடுச்சே!"

"ஓடுச்சு. இல்லேன்னு சொல்லல. கார் கண்ணாடிக்கு அடிக்கறாங்களே ஒரு ஸ்ப்ரே, அத அடிச்சாலும் ஓடும். அவ்ளோதான் சொன்னேன்."

நான் டீயை அவன் மேல் ஊற்றவில்லை. அது என் பொறுமைக்குச் சான்று. வாயில் வந்ததையெல்லாம் எங்கள் ஊர்க் கொள்ளேகால் தமிழில் திட்டித் தீர்த்தேன். பாதி அவனுக்குப் புரிந்திருக்காது. ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அவனுக்கே அப்படித் தோன்றினால் மேடத்துக்கும் தோன்றும்.

இரண்டு நாள் கழித்து மேடம் என் நோட்டைக் கேட்டார். எதிரே உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"'இன்று காலை கழுவி உலர்த்தியது.' பண்ணினாயா?"

"பண்ணினேனுங்க மேடம்."

கண் இமைக்காமல் சொன்னேன். பொய் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. நாலரை வருஷமாக ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எழுதிய வரி அது. மேடம் நோட்டை மூடினார். "வராததை எழுத முடியாதும்மா" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் வேலையைப் பற்றித் தவிர வேறெதுவும் பேசவில்லை. டிசம்பர் வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் போகிற வழியில் சாமுண்டி மலையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். தினமும் அதே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறதே என்று.

என்னைக் காப்பாற்றியது ஒரு சேலை.

அம்மாவுக்குக் கொள்ளேகாலில் ஒரு பட்டுக்கடையில் வேலை, வருகிறவர்களுக்குச் சேலையை விரித்துக் காட்டுவது. தசராவுக்கு அங்கிருந்து எனக்கு ஒன்று அனுப்பியிருந்தார். பச்சை உடல், கத்தரிப்பூ நிறத்தில் கரை.

"ஏங்கண்ணு, அந்தச் சேல கட்டுன போட்டோவ அனுப்பு அனுப்புன்னு எத்தன தடவ கேக்கறது? கடைக்காரம்மா தெனமும் கேக்கறாங்க," என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பிடித்துக்கொண்டார்.

அந்தச் சேலையை நான் ஒரே ஒரு நாள்தான் கட்டினேன், எங்கள் ஆய்வகத்து ஆயுத பூஜைக்கு. அன்று படம் எடுத்தது பக்கத்து மேசைக்காரன். டீக்கடை விவகாரத்துக்குப் பிறகு அவனிடம் பேச்சு இல்லை என்றாலும், வெட்கத்தை விட்டு வாட்ஸாப்பில் கேட்டேன். அனுப்பினான். கரை தெரிகிறதா என்று படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினேன். கரை நன்றாகத் தெரிந்தது. கரைக்குப் பின்னால் இன்னொன்றும் தெரிந்தது.

எங்கள் ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மைசூரில் சைக்கிள் கடையில் ஸ்பேனருக்கும், பேருந்துக்கும், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மெஷினுக்கும் பூஜை நடக்கும்போது எங்கள் ஆய்வகம் மட்டும் சும்மா இருக்குமா? உலைக்குச் செண்டுமல்லி மாலை போடுவோம். வாசலில் வாழைக்கன்று கட்டுவோம். பூசணிக்காயை மாடிப்படிக்குக் கீழே உடைப்போம். ஆனால் இதில் மேடத்துக்கு என்று கடுமையான விதிகள் உண்டு. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு ஒரு கை தூரத்துக்குள் குங்குமம் வரக்கூடாது. அதற்கு ஸ்டிக்கர் பொட்டுதான். நுண்தராசுக்கு அதுவும் கிடையாது, வெளியில் நின்று கும்பிட்டுக்கொள்ளலாம். கற்பூரம் கொளுத்தினால் கூரையில் இருக்கிற அலாரம் கத்தும், ஒரு வருஷம் கத்தி, மாடியிலிருந்து இரசாயனத் துறையே இறங்கி ஓடியிருக்கிறது. அதனால் தீபாராதனை எங்கள் ஃபியூம் ஹூடுக்குள் நடக்கும். நச்சுப் புகையை மேலே இழுத்து வெளியேற்றுகிற கண்ணாடிக் கூண்டு அது. முந்தின நாளே தீப்பற்றுகிற புட்டிகளையெல்லாம் எடுத்துப் பூட்டிவிட்டு, மேலே சாமி படத்தை ஒட்டி, கீழே தட்டை வைத்து, ஃபேனைப் போட்டுவிட்டுக் கும்பிடுவோம். உலகத்தில் வேறு எந்த அம்மனுக்கும் இவ்வளவு நல்ல காற்றோட்டம் கிடைத்திருக்காது.

அவரவர் ஆயுதத்தையும் அதற்குள்தான் வைப்போம். என் ஆயுதம் ஸ்லைடு. கழுவி வைத்திருந்த நான்கு ஸ்லைடுகளை, தூசி படாமல் இருக்க முகம் கீழாக, கூண்டுக்குள் இருந்த கம்பி வலைமேல் அடுக்கி, ஓரத்தில் ஒரு மல்லிகைப் பூவையும் வைத்திருந்தேன். படத்தில் என் தோளுக்குப் பின்னால் அந்த வலை. வலைக்குச் சரியாக ஒரு சாண் கீழே கற்பூரத் தட்டு, கொழுந்துவிட்டு எரிகிறது. அதிலிருந்து கிளம்புகிற கரும்புகையை ஃபேன் நேராக மேலே, என் கண்ணாடிகளுக்கு இழுக்கிறது.

அப்போதுதான் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. விஜயதசமி கழிந்து வந்து எடுத்தபோது ஸ்லைடுகள் லேசாகப் பழுப்பேறியிருந்தன. மறுபடி கழுவத்தான் வேண்டும். குழாயைத் திறந்துகூட விட்டேன். ஆனால் பூஜையில் வைத்ததை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் தேய்க்க எனக்குக் கை வரவில்லை. புகைதானே, உலையில் எரிந்து போய்விடும் என்று அப்படியே சட்டிக்குள் வைத்துவிட்டேன். நோட்டில் மட்டும் பழக்கத்தில் "இன்று காலை கழுவி உலர்த்தியது" என்று எழுதிவிட்டேன். புகை எரிந்துதான் போயிருக்கிறது. ஆனால் போவதற்கு முன்னால், சங்கிலி சங்கிலியாகப் படிந்த அந்தக் கரித்துகள் மேல் என் பூச்சு படிந்து, கரி எரிந்ததும் உள்ளே கூடாக, மேடும் பள்ளமுமாக நின்றுவிட்டது. காற்று தங்க இடம் கிடைத்துவிட்டது. என் அம்மோனியாவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் ஓடினேன். வழியில் மளிகைக்கடையில் பெரிய கற்பூர டப்பா ஒன்று வாங்கினேன். கோயிலுக்கா என்று கடைக்காரர் கேட்டதற்கு ஆமாம் என்றேன். முதல் தடவை ஆசையில் அளவு தெரியாமல் கொளுத்தி, கண்ணாடி தோசைக்கல் மாதிரிக் கறுத்துவிட்டது. பூச்சு அப்பளமாக உரிந்து வந்தது. இரண்டாவது தடவை ஒரே ஒரு வில்லை, ஒரு சாண் தூரம். கூண்டுக்கு முன்னால் நின்று நானே அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நான்கு நாள் கழித்துத் துளியை விட்டேன். ஓடியது! அடுத்ததும் ஓடியது! அன்று நான் போட்ட ஆட்டத்தைப் பார்த்திருந்தால் அம்மா பேய் பிடித்துவிட்டதென்று என்னைக் கூட்டிக்கொண்டு நேராக மாதேஸ்வரன் மலைக்குப் போயிருப்பார்.

மெழுகுவர்த்திப் புகையை வைத்து இப்படிச் செய்வது வெளியுலகத்தில் தெரிந்த வழிதான் என்று அன்று மாலை தேடிப் படித்தபோது தெரிந்தது. நான்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பரவாயில்லை. கற்பூரத்தில் இவ்வளவு மெல்லிசாக, இவ்வளவு தெளிவான கண்ணாடியாக வந்ததை நான் வேறெங்கும் காணவில்லை. ஆய்வேட்டுக்கு அது போதும்.

ஆனால் அதற்கு முன்னால் மேடத்திடம் போக வேண்டும். சந்தோஷத்தையும் பயத்தையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போனேன். போனில் அந்தப் படத்தைத் திறந்து அவர் மேசைமேல் வைத்தேன்.

"மேடம், அன்னைக்குக் காலைல நான் கழுவலைங்க. கழுவுனேன்னு எழுதிட்டேன்."

"ஏன் அலம்பலை?"

"பூஜைல வெச்சதுங்க. கழுவக் கை வரலைங்க."

மேடம் படத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், கரும்புகையைப் பார்த்தார். அவர் முகத்தில் அது புரிகிற கணத்தை நான் பார்த்தேன்.

"எனக்கும் கை வந்திருக்காது," என்றார். "ஆனா நான் அதை எழுதியிருப்பேன்."

நாலரை வருஷத்தில் வாங்கிய அத்தனை திட்டும் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். தலை குனிந்து நின்றேன். அவரே நோட்டை எடுத்து அந்த வரியைச் சுட்டி, என் கையாலேயே அடிக்கச் சொல்லி, பக்கத்தில் உண்மையை எழுதச் சொன்னார். எழுதினேன். இனி இன்னொரு கை வேண்டும். பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டோம். அவன் படத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"நான் எப்படி மேடம்? அன்னைக்கு அந்தத் தட்ட உள்ள வெச்சதே நான்தான். மொதல் ஸ்லைடுலயே என் கை இருக்கே!"

பிறகு என் பக்கம் திரும்பி, "ஸ்ப்ரேன்னு சொன்னது தப்பு கணே. ஸாரி," என்றான். போனால் போகிறது என்று மன்னித்தேன்.

அவன் சொன்னதும் நியாயம்தான். ஆய்வகத்தில் இருப்பதே மூன்று பேர், மிச்சம் இருந்த கை ஒன்றே ஒன்று. மேடம் துறைத்தலைவர் ஆன பிறகு பல வருஷமாகச் சோதனை மேசைப் பக்கமே போகவில்லை. கையுறையில் எந்த அளவு தன்னுடையது என்றுகூட மறந்துவிட்டது. கோட்டுக்குள் புடவையைச் செருகிக்கொண்டு, நோட்டை விரித்து வைத்து, எங்களை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். கதவுக் கண்ணாடிக்கு வெளியே நாங்கள் இருவரும் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றோம். கற்பூரத்தைக் கொளுத்தியதும் அவர் சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு கும்பிடு போட்டார். நோட்டில் அது எழுதியிருக்கவில்லை.

நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம், ஊசியை மேடமே பிடித்தார். துளி இறங்கியது. கண்ணாடியைத் தொட்டதோ இல்லையோ, விட்டது பார் ஒரு ஓட்டம்! மேடம் "அய்யோ" என்று ஒரு சத்தம் போட்டார். துறைத்தலைவர் போடுகிற சத்தம் இல்லை அது. அடுத்த துளி, அதற்கடுத்த துளி. கோணத்தை அளந்தால் என்னுடையதைவிட அவருடையது இரண்டு பாகை கூட. எனக்கு ஒரு பக்கம் ஆனந்தம், ஒரு பக்கம் பொறாமை. நோட்டின் கடைசிப் பத்தியில் கையெழுத்துப் போட்டார். அதன் கீழேயே, வழிகாட்டி என்கிற இடத்திலும் போட்டார். பேனாவை மூடிவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருந்தா எனக்குத் தூக்கம் வராது. போன மாசம் உன்னை நான் நம்பலை."

பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பல்கலைக்கழகத்துக்கு அவர் தட்டச்சு செய்து, அனுப்பாமல் வைத்திருந்த கடிதம். மாணவியின் ஆய்வு முடிவைத் திரும்பச் செய்து காட்ட முடியவில்லை, அதை ஏற்க முடியாது என்று ஆரம்பித்தது. எதிர்பார்த்ததுதான். நேரே கடைசிப் பத்திக்குப் போனேன். இந்தத் தவறுக்கு மாணவி பொறுப்பில்லை, சரிவரக் கவனிக்காத வழிகாட்டியான நானே முழுப் பொறுப்பு, அவருக்கு இன்னொரு வழிகாட்டியின் கீழ் மேலும் ஒரு வருஷம் கொடுக்க வேண்டும் என்று இருந்தது.

நான் ஏமாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்து தட்டிய கடிதம் அது. மறுபடி ஒரு தடவை படித்தேன். எழுத்து கலங்கியது.

"அழாதே. கேமரால ஈரம் படும்," என்றார் மேடம். "எழுந்து அந்த ஸ்லைடைத் திருப்பி வை. இன்னும் ஒரு துளி விடணும் எனக்கு."